வெல்ஷும் ஆங்கிலமும் கலந்த பள்ளியில் அறிவியல் படித்தால் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய கணவருக்கு பிரிட்டனின் வட வேல்ஸில், பாங்கர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. மகள் ஏழாம் ஆண்டிலும் மகன் பத்தாம் ஆண்டிலும் சேர வேண்டும். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷ், ஆங்கிலம் இரண்டிலும் நடக்கிறது. அறிவியலைக்கூட வெல்ஷில் நடத்துவார்களாம். மகளுக்கு டாக்டராக ஆசை. "ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத மொழியில் அறிவியல் படித்து என்ன செய்ய? தூரமாக இருந்தாலும் ஆங்கிலப் பள்ளியாகப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார் ஒரு தாய்.

என் பதில் இது. மகளை அந்தப் பள்ளியிலேயே தைரியமாகச் சேருங்கள். மகன் கதை வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன். நான் இந்த வட்டாரத்தில் ஓர் இருமொழிப் பள்ளியில் பதினோரு வருடமாக அறிவியல் ஆய்வக உதவியாளராக வேலை பார்க்கிறேன். கரைசல் கலக்குவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது எல்லாம் என் வேலை. என் மகளும் வெல்ஷில் அறிவியல் படித்து வந்தவள்தான். சேர்க்கும்போது நீங்கள் கேட்ட இதே கேள்வியோடு நானும் மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தேன்.

"இருமொழிப் பள்ளி" என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெயருக்குள் பல விதம் உண்டு. 2007இல் வேல்ஸ் அரசு பள்ளிகளை மொழிவாரியாக வகை பிரித்தது. அதில் இருமொழி உயர்நிலைப் பள்ளிக்கு மட்டுமே நான்கு உட்பிரிவுகள் இருந்தன. ஒன்றில் 80 சதவீதப் பாடங்களாவது எல்லாருக்கும் வெல்ஷில் மட்டுமே நடக்கும். இன்னொன்றில் அதே 80 சதவீதம் வெல்ஷிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. மூன்றாவதில் வெல்ஷில் கிடைக்கும் பாடங்கள் 50 முதல் 79 சதவீதம். நான்காவதில் ஒரே வகுப்பில் இரண்டு மொழியும் சேர்ந்தே ஓடும். 2021இல் இதை மூன்று வகையாகச் சுருக்கினார்கள். ஆனால் பள்ளிக்குள் போய்ப் பார்த்தால் பழைய நான்கும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. ஆகவே, "அறிவியல் எந்த மொழியில்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஏழு முதல் ஒன்பது வரை எந்த மொழி, ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு) எந்த மொழி, அதற்குப் பிறகு வரும் ஏ லெவலில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றும் எந்த மொழி என்று பிரித்துக் கேளுங்கள். ஒரே பள்ளியில் உயிரியல் வெல்ஷிலும் இயற்பியல் ஆங்கிலத்திலும் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். காரணம் கொள்கை இல்லை, அந்த வருடம் யார் ஆசிரியர் என்பதுதான்.

"யாருக்கும் தெரியாத மொழி" என்று எழுதியிருக்கிறீர்களே, வேல்ஸ் முழுக்க எடுத்தால் அது ஓரளவு சரி. 2021 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம் பேர் வெல்ஷ் தெரியும் என்றார்கள். ஆனால் நீங்கள் வரப்போகிற குவினெத் மாவட்டத்தில் அது 64.4 சதவீதம். இங்கே கடையில், பேருந்தில், உங்கள் கணவர் வேலை பார்க்கப்போகிற வார்டில் காதில் விழுகிற மொழி அதுதான். ஆங்கிலப் பள்ளிக்கே போனாலும் 16 வயது வரை வெல்ஷ் ஒரு பாடமாக உண்டு. தப்பிக்க வழியில்லை. தப்பிக்கவும் வேண்டாம்.

சரி, வகுப்பு எப்படி இருக்கும்? தாமிர சல்ஃபேட் செய்கிற பாடத்தை எடுத்துக்கொள்வோம். நான் காலையிலேயே பதினைந்து தட்டு தயார் செய்து வைப்பேன்: கறுப்பு நிறத் தாமிர ஆக்சைடு, நீர்த்த கந்தக அமிலம், பீக்கர், வடிதாள், புனல், பன்சன் அடுப்பு. புனலுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் "டும்ஃபாட்" என்பார்கள், தெற்கு வேல்ஸிலிருந்து வந்த ஆசிரியை "டுன்டிஸ்" என்பார். லேபிளில் எதைப் போடுவது என்று முதல் வருடம் நான் குழம்பியதுண்டு. ஆசிரியை வெல்ஷில் செய்முறையைச் சொல்வார், நடுவில் ஆபத்தான இடம் வந்தால் ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்வார். பிள்ளைகள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசுவார்கள் என்று கேட்காதீர்கள், பாதிப் பாதி. அமிலம் சூடாகும், கறுப்புப் பொடி கரையும், மிச்சத்தை வடிகட்டினால் கீழே தெளிந்த நீலம் சொட்டும். ஒரு வாரம் ஜன்னலோரம் வைத்தால் நீலப் படிகம். அந்த நீலத்தைப் பார்த்து அவர்கள் வாய் பிளப்பதற்கு எந்த மொழியும் தேவைப்படுவதில்லை.

ஆனால் விடைத்தாளில் தேவைப்படும். அந்தப் பாடத்தின் முடிவில், "அமிலமும் உலோக ஆக்சைடும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்பார்கள். உப்பும் தண்ணீரும். இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. நமக்குச் சாம்பாரில் போடுவதும் உப்பு, தாமிர சல்ஃபேட்டும் உப்பு. ஆங்கிலத்திலும் அப்படியே ஒரே சொல். வெல்ஷில் இரண்டு சொல். சமையலறை உப்பு "ஹாலென்", வேதியியல் உப்பு "ஹலுயின்". ஒரு பையன் நீலப் படிகத்துக்கு "ஹாலென்" என்று எழுதிவிட்டான். ஆசிரியை சிவப்பு மையில் கோடு போட்டு, "இதை உருளைக்கிழங்கில் தூவிச் சாப்பிடுவாயா?" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு உப்பு என்பது ஒரு வகைப் பொருள்களின் பெயர், ஒரு பொருளின் பெயர் இல்லை என்று தனியாக உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும். வெல்ஷில் சொல்லே விளக்கிவிடுகிறது.

இப்படி நிறைய உண்டு. உயிரணுவின் உட்கருவுக்கு வெல்ஷில் பருப்பு, கொட்டை என்ற பொருள் தரும் "க்னெவல்லின்". அணுவின் உட்கருவுக்கு "நியூக்லெயுஸ்". ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் அங்கே குழம்புகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தாவரம் உண்ணும் விலங்கு "லஸஸித்", இறைச்சி உண்பது "கிகஸித்", எல்லாம் உண்பது "ஹொலஸித்". "கீக்" என்றால் இறைச்சி, "ஹோல்" என்றால் எல்லாம், பின்னால் வருகிற "அஸித்" என்றால் உண்ணுவது. தாவர உண்ணி, ஊன் உண்ணி, அனைத்துண்ணி என்று நாம் கட்டினோமே, அதே கட்டுமானம்! லத்தீன் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளை முதல் தடவை பார்க்கும்போதே பாதிப் பொருளைப் பிடித்துவிடும். அறிவியல் என்பதற்கு அவர்கள் சொல்லும் "குய்தோன்யைத்" கூட அறிதல் என்ற வேரிலிருந்து வந்ததுதான், நம் சொல்லைப் போலவே. எண்ணும் அப்படியே. பள்ளியில் இருபத்தொன்றை "இரண்டு பத்து ஒன்று" என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இதெல்லாம் வீட்டு வாசனை.

மறுபக்கமும் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. இயற்பியலில் திசை சேராத வேகம் "பியானெத்", திசை சேர்ந்த திசைவேகம் "கவ்லம்டெர்". ஆனால் தெருவில் எல்லா வேகத்துக்கும் "கவ்லம்டெர்" என்பதுதான் பேச்சு. ஆகவே வீட்டில் வெல்ஷ் பேசுகிற பிள்ளைதான் இந்த இடத்தில் அதிகம் தடுக்கி விழும். புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு இரண்டும் புதுச் சொல் என்பதால் சரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும்.

இந்தச் சொற்கள் தானாக முளைத்தவை அல்ல. கெரெடிகியன் பக்கம் ஒரு கிராமத்தில் 1903இல் பிறந்த இவான் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் இருந்தார். மியூவான் என்ற துகள் சிதைந்து எலக்ட்ரான் வெளிப்படுவதை 1940இல் அபெரிஸ்ட்விதில் புகைப்படமாகப் பிடித்தவர். அவர் தலைமுறைக்கு வீட்டில் வெல்ஷ், பள்ளியில் இயற்பியல் ஆங்கிலத்தில். 1956இல் ரில் நகரில் முதல் வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளி தொடங்கிய பிறகும் இது உடனே மாறவில்லை. வரலாறும் இலக்கியமும் வெல்ஷில் நடத்திவிட்டு, கணக்கும் அறிவியலும் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவுவதுதான் ஆரம்பத்தில் வழக்கம். புத்தகம் இல்லை, சொல் இல்லை, பெற்றோருக்குப் பயம். உங்களுக்கு இருக்கிற இதே பயம். 1963இல் "அ குய்தோனித்", அதாவது அறிவியலாளர் என்ற பெயரில் வெல்ஷ் அறிவியல் இதழ் ஒன்று தொடங்கி 1996 வரை வந்தது. 1973இல் ஜாக் எல். வில்லியம்ஸ் பதிப்பித்த கலைச்சொல் அகராதி வந்தது. பிறகு பாங்கர் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பாடங்களுக்கென்றே சொற்களைத் தரப்படுத்தினார்கள். இன்று அந்த அகராதி இணையத்தில் இலவசம், தேர்வு வாரியமும் அதே சொல்லைத்தான் போடுகிறது. வகுப்பில் கேட்ட சொல்லும் தேர்வுத்தாளில் வரும் சொல்லும் ஒன்று. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஆளுக்கொரு கலைச்சொல் பயன்படுத்துகிற சூழலில் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படியானால் கஷ்டமே இல்லையா? இருக்கிறது. ஆனால் பெற்றோர் பயப்படுகிற இடத்தில் இல்லை. ஒளிச்சேர்க்கை, மின்தடை, முடுக்கம் போன்ற பெரிய சொற்களை ஒரு வாரத்தில் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். தடுக்குவது சின்னச் சொற்கள். "ஏனென்றால்", "ஆகவே", "இருந்தபோதிலும்". என் மகள் எட்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு கேள்வி: காற்றடிக்கிற நாளில் ஈரத்துணி ஏன் சீக்கிரம் காய்கிறது? அவள் எழுதியது மூன்று வாக்கியம். நீர் ஆவியாகிறது. காற்று அடிக்கிறது. துணி காய்கிறது. மூன்றும் சரி. 4க்கு 1 மதிப்பெண். ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார்: "எல்லாம் உண்மை, ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை."

அடுத்த நாள் அந்த ஆசிரியை மூன்று சின்ன அட்டை கொடுத்தனுப்பினார். "ஓஹெர்வித்", "வெல்லி", "எர் போட்". ஏனென்றால், ஆகவே, இருந்தபோதிலும். மூன்றையும் பயன்படுத்தி அதே விடையைத் திரும்ப எழுத வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து முழித்தாள். "முதல்ல தமிழ்ல சொல்லு பார்ப்போம்" என்றேன். "காத்து அடிச்சா, துணிக்குப் பக்கத்துல இருக்கிற ஈரக் காத்து நகர்ந்து போயிடும்மா, அதனால புதுசா வர்ற காய்ஞ்ச காத்துல இன்னும் தண்ணி ஏறும், குளிரா இருந்தாக்கூட காயும்" என்று கடகடவென்று சொன்னாள். சொல்லிமுடித்ததும் அவளே அட்டைகளைப் பார்த்தாள். "அதனால" வந்த இடத்தில் "வெல்லி". "இருந்தாக்கூட" வந்த இடத்தில் "எர் போட்". அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அவளுக்கு அறிவியலும் வராமல் இல்லை, வெல்ஷும் வராமல் இல்லை, காரணத்தைக் கோர்க்கிற நூல் மட்டும் புது மொழியில் இன்னும் கைக்கு வரவில்லை என்று. அந்த நூல் தமிழில் அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். "பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு மொழி, மூன்றாவது சுமை எதற்கு" என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிற குடும்பங்களைப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. புளி ஏன் பித்தளைப் பாத்திரத்தைப் பளபளப்பாக்குகிறது, குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது என்று தமிழில் வாதாடிப் பழகிய பிள்ளைக்கு வெல்ஷில் "ஏன்" என்ற கேள்வி பயமாக இருக்காது.

இதை வேல்ஸ்காரர்கள் வகுப்பறைக்குள்ளேயே ஒரு முறையாக ஆக்கிவிட்டார்கள். கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994இல் பாங்கரில் எழுதிய ஆய்வேட்டில் இதற்கு "ட்ரௌஸ்யெய்த்தி" என்று பெயர் வைத்தார். ஒரு மொழியில் வாசித்து அல்லது கேட்டு, இன்னொரு மொழியில் பேசுவது அல்லது எழுதுவது. உலகம் முழுக்க மொழிக் கல்விக்காரர்கள் இன்று ஆங்கிலப் பெயரில் பேசுகிற இந்த விஷயம் பிறந்தது நீங்கள் வரப்போகிற ஊரில்தான். எங்கள் ஆய்வகத்தில் இது எப்படி நடக்கும் என்றால், தடுப்பூசி பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்கக் கொடுப்பார்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெல்ஷில் நாலு வரி எழுதச் சொல்வார்கள். ஒரே மொழியில் என்றால் புத்தக வாக்கியத்தை அப்படியே பெயர்த்து வைத்துவிடலாம், புரிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மொழி மாறும்போது அந்தக் குறுக்கு வழி அடைபட்டுவிடும். புரிந்தால்தான் எழுத முடியும். நான் ஊரில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பதினொன்றில் ஆங்கில வழிக்குப் போனவள். அந்த முதல் ஆறு மாதம் நான் ஒன்றுமே புரியாமல் மனப்பாடம் செய்துதான் ஒப்பேற்றினேன். இரண்டு மொழிக்கும் நடுவில் யாராவது இப்படி ஒரு பாலம் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

எல்லா ஆசிரியரும் இதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. சிலர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை, இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டே போவார்கள். அது சரியான முறை இல்லை. பிள்ளைகள் தங்களுக்கு வசதியான மொழி வரும்வரை காதை மூடிக்கொள்வார்கள், பாடமும் பாதி வேகத்தில்தான் நகரும்.

இன்னொரு தொல்லை வெல்ஷ் இலக்கணம். நமக்குச் சொல்லின் வால் மாறும்: மரம், மரத்தை, மரத்தில். வெல்ஷில் தலை மாறும். எடைக்கு "புய்ஸை". அவளுடைய எடை என்றால் "ஃபுய்ஸை", என் எடை என்றால் "ம்ஹுய்ஸை". அழுத்தத்துக்கு "க்வஸ்கெத்", சில இடங்களில் முன்னெழுத்து உதிர்ந்து "வஸ்கெத்" ஆகிவிடும். பாடத்தில் பார்த்த சொல்லை அகராதியில் தேடினால் இருக்காது, மாறுவதற்கு முந்தைய முதலெழுத்தில் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளும்வரை "இந்தச் சொல்லே அகராதியில் இல்லை" என்று அழுகைதான். முதல் மாதமே மகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள், பாதிக் கண்ணீர் மிச்சம்.

தேர்வு பற்றி. வேல்ஸில் அறிவியல் தேர்வை நடத்துவது கார்டிஃபில் இருக்கிற டபிள்யூஜேஇசி என்ற தேர்வு வாரியம். ஒவ்வொரு தாளும் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் வரும். கேள்வி ஒன்றே, மதிப்பெண் ஒன்றே, வெல்ஷ் விடைகளை வெல்ஷ் தெரிந்தவர்களே திருத்துவார்கள். கிடைக்கிற சான்றிதழுக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒரே மதிப்பு. இங்கிலாந்தில் 9 முதல் 1 வரை தரம் போடுகிறார்கள், இங்கே இன்னும் ஏ ஸ்டார் முதல் ஜி வரைதான். அதைப் பார்த்துப் பதறவேண்டாம். 2016 முதல் நடந்த, இரண்டு ஜிசிஎஸ்இக்குச் சமமான இரட்டை அறிவியல் பாடத்திட்டத்தில் ஆறு எழுத்துத் தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 15 சதவீதம், செய்முறைக்கு 10 சதவீதம். முதல் மூன்று தாள்களைப் பத்தாம் ஆண்டு முடிவிலேயே எழுதிவிடலாம். 2026 செப்டம்பரில் பத்தாம் ஆண்டில் சேருகிறவர்களிலிருந்து புதுப் பாடத்திட்டம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனி ஜிசிஎஸ்இ இனி இல்லை, எல்லாம் ஒரே இரட்டைச் சான்றிதழுக்குள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அறிவியலில் ஊறிய பிள்ளைகள் தனித்தனியாக ஆழமாகப் படித்தது நல்லதுதான். ஆனால் அது மொழி விஷயம் இல்லை, ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கும் இதே திட்டம்தான்.

இப்போது மகன். பதினான்கு வயதில் வருகிறவனைத் தேர்வுப் பாடத்தை வெல்ஷில் எழுத வைப்பது நியாயமில்லை. பெரும்பாலான இருமொழிப் பள்ளிகள் அப்படிக் கேட்கவும் மாட்டா. அவனுக்கு ஆங்கில வழிப் பிரிவு இருக்கும், சில இடங்களில் அதே வகுப்பில் உட்கார்ந்து ஆங்கிலத் தாளில் வேலை செய்வான். பள்ளி முழுக்க முழுக்க வெல்ஷ் வழி என்றால் அவனை மட்டும் வேறு பள்ளியில் சேர்ப்பதுதான் சரி. அண்ணன் தங்கை ஒரே பள்ளியில் இருக்கட்டும் என்ற ஆசைக்காக அவனுடைய இரண்டு வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

மகளுக்கு இன்னொரு வசதி உண்டு. குவினெத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கென்றே மொழி மையங்கள் 1980களிலிருந்து நடக்கின்றன. ஏறத்தாழ ஒரு பருவம், வேறு பாடச் சுமை இல்லாமல் வெல்ஷிலேயே முக்கி எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. அந்தப் பருவத்தில் அறிவியல் போகிறதே என்று தோன்றும். ஏழாம் ஆண்டில் விட்டதைப் பிடிக்க நாலு வருடம் இருக்கிறது. இடம் இருக்கிறதா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் வருவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

குறைகளையும் சொல்கிறேன். வெல்ஷில் அறிவியல் நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் போதவில்லை, இயற்பியலுக்கு ரொம்பவே பஞ்சம். வெல்ஷில் கற்பிக்க முன்வருகிற ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு அரசு தனி ஊக்கத்தொகையே கொடுக்கிறது, அப்படியும் ஆள் கிடைப்பது கஷ்டம். ஓர் ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனால் மாற்றாக வருகிறவர் ஆங்கிலத்தில்தான் நடத்துவார். என் மகளுக்குப் பதினோராம் ஆண்டில் அப்படி இரண்டு மாதம் ஆனது. மின்சாரப் பாடம் முழுக்க ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு வெல்ஷ் தாளுக்குத் தயாரானாள். அந்த இரண்டு மாதம் ராத்திரி ராத்திரி நானும் அவளும் சேர்ந்து சொற்பட்டியல் போட்டோம். எனக்குக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. புத்தகங்களும் அப்படித்தான், ஆங்கிலப் பதிப்பு வந்து பல மாதம் கழித்து வெல்ஷ் பதிப்பு வந்த காலம் உண்டு. திரும்பிப் படிக்க பிபிசியின் பைட்சைஸ் தளத்தில் வெல்ஷ் பக்கங்கள் இருக்கின்றன, அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் யூடியூப் காணொளி என்றால் அனேகமாக எல்லாம் ஆங்கிலம். உங்கள் மகள் எப்படியும் இரண்டு மொழியிலும் படிப்பாள். அதை ஏமாற்றாக நினைக்காமல் அப்படியே விடுங்கள்.

மருத்துவம் பற்றிய கவலைக்கு வருகிறேன். ஏழு வருடம் வெல்ஷில் படித்தாலும் ஆங்கிலச் சொற்கள் தெரியாமல் யாரும் வெளியே வருவதில்லை. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டில் எல்லாக் குறிப்பிலும் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கல்லூரியில் முதல் சில வாரம் ஒரு சிறு தடுமாற்றம் இருக்கும், அவ்வளவுதான். அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, உங்கள் கணவர் வார்டில் நேரிலேயே பார்ப்பார். மறதி நோய் வந்த முதியவர்கள் பின்னால் கற்ற ஆங்கிலத்தை இழந்து, சின்ன வயதில் பேசிய வெல்ஷுக்கே திரும்பிவிடுவார்கள். எங்கே வலிக்கிறது என்று அவர்களிடம் அவர்கள் மொழியில் கேட்கிற டாக்டர் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. நோயாளி கேட்காமலேயே வெல்ஷில் சேவை தர வேண்டும் என்று 2012இலேயே அரசு ஒரு திட்டம் போட்டது. பாங்கரில் 2024 முதல் சொந்தமாக மருத்துவப் படிப்பும் தொடங்கிவிட்டது. வெல்ஷில் உயிரியல் படித்த ஒரு தமிழ்ப் பெண் அந்த வாசலில் போய் நின்றால் அவளுடைய மொழியைக் குறையாக யாரும் பார்க்க மாட்டார்கள். உயர்கல்வியில் ஒரு பகுதியை வெல்ஷில் படித்தால் 2011இல் தொடங்கிய தேசிய வெல்ஷ் கல்லூரி உதவித்தொகையும் தருகிறது.

அப்புறம் ஊர். இங்கே அறிவியல் புத்தகத்துக்கு வெளியேதான் அதிகம் கிடக்கிறது. லான்பெரிஸ் பக்கத்தில் பழைய ஸ்லேட் சுரங்க மலைக்குள் டினோர்விக் மின்நிலையம், 1984இல் திறந்தது, 1,728 மெகாவாட். இரவில் மின்சாரம் மலிவாக இருக்கும்போது தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றிவிட்டு, தேவைப்படும் நேரத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் கீழே விடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5,000 ஜூல் என்று எங்கள் பிள்ளைகள் மனக்கணக்காகச் சொல்வார்கள். கடல் தாண்டி ஆங்கில்ஸி தீவில் பாரிஸ் மலை, பதினெட்டாம் நூற்றாண்டின் மாபெரும் தாமிரச் சுரங்கம். அங்கே தாமிரம் கலந்த தண்ணீரைத் தொட்டிகளில் விட்டு அதில் பழைய இரும்பைப் போட்டு வைப்பார்கள், இரும்பு கரைந்து தாமிரம் படியும். இடப்பெயர்ச்சி வினையை எங்கள் ஆசிரியை அந்தச் செம்மண் சரிவில் நிறுத்திவைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார். வட்டத்தின் விகிதத்துக்கு பை என்ற குறியை 1706இல் அச்சில் பயன்படுத்திய வில்லியம் ஜோன்ஸும் அதே தீவில் பிறந்தவர்தான். ஊருக்கு வந்ததும் முதல் மாதமே பிள்ளைகளைப் பாரிஸ் மலைக்குக் கூட்டிப் போங்கள். பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் செந்நிறம் துவைத்தாலும் போகாது.

பள்ளியைப் பார்க்கப் போகிற நாளில் அறிவியல் துறைத் தலைவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இப்போது வெல்ஷில் இயற்பியல் நடத்துகிற ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் யாராவது விடுப்பில் போனால் என்ன ஏற்பாடு? வெல்ஷ் பேசாத வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஜிசிஎஸ்இ அறிவியலை வெல்ஷிலேயே எழுதினார்கள்? மூன்றாவதாக, எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவருடைய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு வெல்ஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கம் முழுக்கக் கோடிட்ட இடம் நிரப்பியதும் சொற்பட்டியலும் மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில் ஐந்தாறு வரி தொடர்ந்து எழுதி, ஆசிரியர் ஓரத்தில் பதில் எழுதியிருந்தால் அங்கேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டு வாருங்கள்.